எட்டு வயது நெருங்குகிறது, மகனுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை: காத்திருக்கலாமா?

ஈரோடு மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

மகனுக்கு 7 வயது 10 மாதம். யுகேஜி முடிந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி, இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே கற்றுக்கொடுக்கிறார். வாய்க்கணக்கில் பையன் கெட்டி. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து சாம்பல் நிறத்துக்கு மாறுவதிலிருந்து டிராக்டர் கியர்வரை விவரமாகப் பேசுகிறான். வாசிப்பு மட்டும் ஏறவில்லை. உயிரெழுத்து 12-ம் தெரியும், 'க ங ச' வரிசையும் பெரும்பாலும் தெரியும். ஆனால் 'பட்டம்' என்பதை "ப... இட்... ட... இம்" என்று சொல்லிவிட்டு, "என்ன சொல் அது?" என்று கேட்டால் விழிக்கிறான். கொம்பு வைத்த எழுத்தைக் கண்டால் நின்றுவிடுகிறான். நேற்று வந்தது இன்று மறந்துபோகிறது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஓராண்டாக இதே நிலை. கொழுந்தனார் மகன் இதே வயதில் நாளிதழ்த் தலைப்பை வாசிக்கிறான் என்பது மாமியாரின் குறை. ஜூனில் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்பது கணவரின் முடிவு. போன மாதம் ஆத்திரத்தில் இவர் புத்தகத்தை வீசியபோது, "நான் மக்கும்மா" என்றானாம் பையன்.

கேட்கும் கேள்விகள் மூன்று. இது குறைபாடா, அல்லது வீட்டுவழிக் கல்வி நண்பர்கள் சொல்வதுபோல ஒன்பது, பத்து வயதில் தானாக வந்துவிடுமா? பள்ளிக்கு அனுப்பாதது சட்டப்படி தவறா? ஜூனில் சேர்க்கத்தான் வேண்டுமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகளை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சளி பிடித்தால் மகன் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வான் என்பது ஒன்று. கணவர் பத்தாம் வகுப்போடு நின்றவர், தொழிலில் கெட்டிக்காரர், ஆனால் வங்கிப் படிவத்தைக்கூட உங்களிடமே கொடுத்து நிரப்பச் சொல்வார் என்பது இன்னொன்று. நீங்கள் கேட்ட கேள்விகளைவிட எனக்கு இவை முக்கியமாகப் பட்டன. முதலாவது, காதைப் பரிசோதிக்கச் சொல்கிறது. இரண்டாவது, வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்பதை நினைவூட்டுகிறது. இதை வைத்து உங்கள் கணவருக்கு நான் எந்தப் பெயரும் சூட்டவில்லை. ஆனால் தந்தைக்கோ தாய்க்கோ எழுத்தோடு மல்லுக்கட்டிய வரலாறு இருந்தால், "தானாக வரும்" என்று காத்திருப்பதற்கான நியாயம் குறைந்துவிடுகிறது.

தாமதமாகத் தொடங்குவது வேறு, கற்பித்தும் தங்காதது வேறு

பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி தொடங்குகிறது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், பதினொரு வயதுவாக்கில் இரு தரப்பும் ஒரே நிலைக்கு வந்ததும் உண்மை. ஆனால் அவை பேசுவது, *கற்பிக்கவே தொடங்காத* குழந்தைகளைப் பற்றி. ஏழு வயதில் கற்பித்ததும் அந்தக் குழந்தைகள் மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். பின்னிஷ் மொழியில் எழுதியதை அப்படியே உச்சரிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனுக்கு ஓராண்டாகத் தினமும் கற்பித்தும் எழுத்து தங்கவில்லை. ஆகவே அந்த உதாரணங்கள் அவனுக்குப் பொருந்தாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ் எழுத்தின் சுமையை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. கன்னடக் குழந்தைகளிடம் சொனாலி நாக் செய்து 2007-இல் வெளியான ஆய்வு, நம்முடையதைப் போன்ற எழுத்துமுறையில் எல்லா எழுத்தும் கைவசமாக மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியது. எனவே ஏழே முக்கால் வயதில் கொம்பெழுத்துகள் தடுமாறுவதை மட்டும் பார்த்து நான் கவலைப்பட மாட்டேன். 'பட்டம்' கூடிவராததும் நேற்றையது இன்று மறப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. அதிலும் 'பட்டம்' விஷயத்தில், பாதிச் சிக்கல் கற்பிக்கும் முறையில் இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் காதும் கண்ணும்

சளியின்போது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் ஏறி இறங்கும். கூப்பிட்டால் திரும்புவான், பேசுவான், ஆனால் சொல்லின் கடைசியில் வரும் ம், ன், ல் போன்ற மெல்லிய ஒலிகள் அவனுக்குத் தெளிவாக விழாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டல் பரிசோதனையோடு, செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். முதலாவது மட்டும் செய்தால் நீர் கோத்திருப்பது தவறிப்போகலாம்.

கண்ணுக்கு, எதிர்ச்சுவர்ப் பலகையைப் படிக்கவைப்பது போதாது. தூரப்பார்வை உள்ள குழந்தை பலகையை அழகாகப் படித்துவிடும், புத்தகத்தைப் பார்க்கும்போதுதான் கண் களைக்கும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) காது, கண், வளர்ச்சி, கற்றல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 18 வயதுவரை அங்கே காட்டலாம்.

வல்லாரை லேகியம், நினைவாற்றல் மாத்திரை, கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் 'நடுமூளை' வகுப்பு, வண்ணக் கண்ணாடி என்று யாராவது வழிகாட்டினால் காசைச் செலவழிக்காதீர்கள். வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. அது வாசிப்பைக் கொண்டுவராது.

'ப... இட்... ட... இம்' ஏன் பட்டமாகவில்லை?

புள்ளி வைத்த எழுத்தை 'இக், இங், இட், இம்' என்று சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். வாய்ப்பாடாக ஒப்பிக்க அது வசதி. சொல்லைக் கூட்டும்போது அதுவே குறுக்கே நிற்கிறது. உங்கள் மகன் சொன்னதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 'பஇட்டஇம்'. அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை. பின் எப்படி அடையாளம் தெரியும்? அவன் நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒழுங்காகச் செய்கிறான்.

புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லவிடாதீர்கள். அதை முன்னெழுத்தோடு ஒட்டி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: பட், டம். பட்-டம். பட்டம். எழுதும்போதும் 'பட்' என்பதை ஒரு அட்டையிலும் 'டம்' என்பதை இன்னொன்றிலும் எழுதி, அட்டைகளை நெருக்கிக்கொண்டே சொல்லவையுங்கள். அட்டைகள் தொடும்போது ஒலியும் தொட வேண்டும்.

அடுத்து, அரிச்சுவடி வரிசையை ஓர் ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். ஙகர வரிசையை ஙௌ வரைக்கும் உருப்போடும் குழந்தைக்கு அதில் 'ங்' தவிர மற்றவை புத்தகங்களில் அநேகமாக எதிர்ப்படாது. நான்கே எழுத்தோடு தொடங்குங்கள்: ப, ட, ம, ர. கூடவே அவற்றின் புள்ளி வடிவம். படம், மடம், மரம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே அவன் *சொற்களை* வாசிக்கலாம். அவை தடுமாறாமல் வந்த பிறகு துணைக்கால்: மாமா, பாடம், மாடம், பாரம். பிறகு கொக்கி: படி, மடி, மாடி, பாட்டி, மாமி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

உகரத்தில் நிதானம் வேண்டும். துணைக்கால் எங்கே போனாலும் துணைக்கால்தான். ஆனால் பு, மு, து, கு நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள், ஒன்றின் வால் இன்னொன்றுக்கு இல்லை. அதனால் இதை விதியாகச் சொல்லாமல் ஒவ்வொன்றையும் புது எழுத்தாகவே கொடுங்கள்: மாடு, பாட்டு, பாம்பு.

கொம்புகள் கடைசியில்தான். மெ, மே, மை ஆகியவற்றில் குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. மொ, மோ என்றால் எழுத்தை இருபுறமும் குறி சூழ்ந்துகொள்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் குழந்தை முதலில் கொம்பைத்தான் சந்திக்கிறான், அதற்கென்று ஒலி ஏதும் இல்லாததால் அங்கேயே நிற்கிறான். ஒற்றைக் கொம்பைச் சிவப்பு அட்டையிலும் இரட்டைக் கொம்பைப் பச்சை அட்டையிலும் எழுதிக்கொள்ளுங்கள். 'ம' அட்டையை மேசையில் வைத்து, இடப்பக்கம் சிவப்பை நகர்த்தும்போது 'மெ', பச்சைக்கு மாற்றும்போது 'மே' என்று அவன் கையாலேயே மாற்றி மாற்றிச் சொல்லட்டும். பார்த்துப் பத்து முறை எழுதுவதைவிட இது பலன் தரும். பார்த்தெழுதும்போது கைதான் பழகுகிறது, காதுக்கு அங்கே வேலையில்லை.

'பாம்பு' என்பதில் முதல் 'ப' வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கிறது. இதைத் தொடக்கத்தில் விளக்க வேண்டாம். அவன் 'பாம்பு' என்பதை வல்லொலியில் வாசித்தால், "சரி, பேசும்போது எப்படிச் சொல்லுவோம்?" என்று மட்டும் கேளுங்கள். திருத்திக்கொள்வான். இதேபோல வீட்டில் 'ஓடிப்போயிருச்சு' என்று பேசும் குழந்தைக்குப் புத்தகத்தின் 'ஓடிவிட்டது' பாதி அந்நியம். அதனால் முதல் சில மாதங்களில் அவனே சொல்லும் வாக்கியங்களைப் பேச்சுவழக்கிலேயே எழுதி வாசிக்கக் கொடுங்கள். மாமியார் "இது என்ன தமிழ்?" என்பார். எழுத்துத் தமிழை வேறு வழியாகக் கொண்டுவரலாம்: தினம் இரவு அரை மணி நேரம் நீங்கள் அவனுக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள். அந்த நடை காதுக்குப் பழகினால் பிறகு கண்ணுக்கும் பழகும். காளை, டிராக்டர் பற்றிய புத்தகமானால் இன்னும் நல்லது. வாசிக்கத் தெரியாத காலத்தில் அறிவும் சொல்வளமும் தேங்கிப்போகாமல் காப்பது இந்த அரை மணி நேரம்தான்.

ஒரு மணி நேரம் வேண்டாம்

காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். ஒரு அமர்வில் பழைய அட்டை பத்து, புதியது இரண்டுக்கு மேல் வேண்டாம். பழைய பத்தில் குறைந்தது எட்டு தயக்கமின்றி வந்தால்தான் புதியதை எடுக்க வேண்டும். 'நேற்று வந்தது இன்று மறந்தது' என்பதற்குப் பெரும்பாலும் காரணம், பழையது உறுதிப்படும் முன்பே புதியது ஏறிக்கொள்வதுதான். வாசிக்கக் கொடுக்கும் பத்தியில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தவறினால், அது அவனுக்கு இன்னும் கடினம் என்று பொருள். எளிதான பத்திக்கு மாறுங்கள். படத்தைப் பார்த்து ஊகித்தோ மனப்பாடமாகவோ சொல்கிறான் என்று தோன்றினால், படத்தை மறைத்துவிட்டு வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள்.

ஆங்கில *வாசிப்பை* இந்த ஆறு மாதம் ஒத்திவையுங்கள். ஆங்கிலம் பேசுவதையும் கேட்பதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்பது தவறான எண்ணம். ஆங்கில b-யும் d-யும் இடம் வலமாக மாறுவதைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் எத்தனையோ குழந்தைகள் மாற்றி எழுதுகிறார்கள். அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று சொல்ல முடியாது.

எழுத்தே இல்லாமல் ஒலி விளையாட்டும் நடக்கட்டும். 'தக்காளி'க்கு எத்தனை தட்டு? 'கண்' என்பதில் 'க'வை எடுத்து 'ம' வைத்தால் என்ன? 'வண்டி'யில் 'வண்' போனால் மிச்சம் என்ன? 'தபிகோடு' போன்ற பொருளற்ற சொல்லைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? சமைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் விளையாடலாம். இவற்றில் தொடர்ந்து திணறினால் குறித்துவையுங்கள், மதிப்பீடு செய்பவருக்கு அது முக்கியமான தகவல்.

புத்தகத்தை வீசியது பற்றி: அவனிடம், "அம்மா கோபப்பட்டது தப்பு. உனக்குச் சொல்லிக்கொடுக்கிற விதத்தை மாற்றப்போகிறேன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'மக்கு' என்ற சொல்லுக்கு "நீ ரொம்ப புத்திசாலி" என்று பதில் சொன்னால் நம்ப மாட்டான். கையில் சான்று இருக்க வேண்டும்: "போன சனிக்கிழமை ஆறு சொல், இன்றைக்கு ஒன்பது." உறவினர் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். கொழுந்தனார் மகனோடு அவன் மாடு மேய்க்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும், வாசிப்புப் போட்டி வேண்டாம்.

எத்தனை நாள் பார்ப்பது?

பன்னிரண்டு வாரம். சனிக்கிழமைதோறும், அதுவரை கற்ற எழுத்துகளால் ஆன, அவன் முன்பு பார்க்காத 20 சொற்களை எழுதிக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சரி என்று தேதியோடு குறியுங்கள். எண் மெதுவாக ஏறினாலும் ஏறுகிறதே என்று தொடரலாம். ஒரே இடத்தில் நின்றால், இன்னும் பொறுத்துப் பார்ப்பது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது.

கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கான முன்பதிவை அந்தப் பன்னிரண்டு வாரம் முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம், இப்போதே செய்யுங்கள். வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வரும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்று. 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், அதற்கான சான்றிதழை 8 வயதுக்குப் பிறகே தரச் சொன்னது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்யவும் அது சொன்னது; இப்போதைய விதியை முன்பதிவின்போது கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகன் இரண்டே மாதத்தில் 8 வயதைத் தொடுகிறான். முறையாகக் கற்பித்தும் முன்னேற்றம் இல்லையா என்பதுதான் மதிப்பீட்டில் கேட்கப்படும் முதன்மையான கேள்வி. உங்கள் சனிக்கிழமைக் குறிப்பேடு அதற்கு நேரான பதில்.

சான்றிதழ் என்றதும் 'முத்திரை குத்திவிடுவார்கள்' என்று அஞ்ச வேண்டாம். வேண்டியபோது எடுத்துக் காட்டலாம், இல்லையென்றால் பீரோவில் இருக்கட்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு அதுவே அடிப்படை.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டுவழிக் கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை. எனவே "முழுக்கச் சட்டபூர்வம்" என்று உங்கள் நண்பர்கள் சொல்வதும் மிகை, "போலீஸ் வரும்" என்று மாமியார் பயப்படுவதும் மிகை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வந்தால் ஒளிக்காதீர்கள். அவன் படித்த குறிப்பேடுகளைக் காட்டிப் பேசுங்கள்.

திரும்பும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம், ஈடுசெய்யும் சிறப்புப் பயிற்சியும் அவன் உரிமை. சேர்க்கையின்போது குழந்தைக்குத் தேர்வு வைத்து வடிகட்டுவதை 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. "வாசிக்கத் தெரியாதே, ஒன்றாம் வகுப்பில் போடுகிறோம்" என்றால் மரியாதையாக மறுத்துப் பேசுங்கள். தொடர்ந்து வீட்டிலேயே படித்தால், 12½ வயது நிறைந்ததும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

ஜூன் பற்றி

கணவர் சொல்வதை முழுவதும் ஒதுக்க முடியாது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் இருப்பவன் இவன் ஒருவன் மட்டும் அல்ல. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியும் பள்ளி வழியாக எளிதில் கிடைக்கும். எதிர்ப்பக்கம், ஒரு ஆசிரியருக்குப் பல குழந்தைகள். 'பட்... டம்' என்று அருகில் உட்கார்ந்து அட்டை நகர்த்த அவருக்கு நேரம் வாய்க்குமா என்பது பள்ளியைப் பொறுத்தது. சேர்க்கும் முன் தலைமையாசிரியரைச் சந்தித்து, சத்தமாக வாசிக்க வைத்துத் திட்டமாட்டார்களா, வாய்மொழி விடையை ஏற்பார்களா என்ற இரண்டையும் கேளுங்கள்.

என் கருத்து: அவன் அதற்குள் வாசித்துவிட்டானா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தினம் அரை மணி நேரத்தைக் கோபமில்லாமல் உங்களால் கொடுக்க முடிகிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள். முடிகிறதென்றால் மதிப்பீட்டு முடிவு வரும்வரை வீட்டிலேயே தொடர்வதில் தவறில்லை. முடியவில்லை என்றால் பள்ளிக்கு அனுப்புங்கள். அதில் உங்களுக்குத் தோல்வி ஒன்றுமில்லை, அவனுக்கு அம்மா அம்மாவாக மட்டும் இருப்பாள். எந்த வழியானாலும் "படிக்கலைன்னா பள்ளிக்கூடத்துல தள்ளிடுவேன்" என்று மிரட்டிவிடாதீர்கள். ஒருவேளை அங்கேதான் அவன் போக வேண்டியிருக்கும்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், காது-கண் பரிசோதனை அறிக்கை, இரண்டு ஆண்டு நோட்டுகள், சனிக்கிழமைக் குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கணவரையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளி நாள்களில் அவருக்கு வாசிப்பு எப்படி இருந்தது என்று நிச்சயம் கேட்பார்கள், அதை நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதே சரியாக இருக்கும்.